ஊமைப்படத்தில் உன் தம்பி

மேல் டிவிசன் லயம்,
பூண்டுலோயா.
ஆனி மாதம், 2003

என் அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாரியம்மன் கண் பார்வையில் நானும் உன் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு, தின்றது செரித்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே சென்னையில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் மேலுக்கு ஒன்றுமில்லாமல் இருக்க அந்தத் தாயைத்தான் கும்பிடுகிறேன். வெயிலில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு என்று எழுதியிருந்தாய். கடைப் பவுடரை அள்ளிக் கொட்டாதே, சந்தனம் இழைத்துப் பூசு, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொடு. இங்கே அதற்கு நேர் எதிர். பிடித்த மழை விடவில்லை, பனிமூட்டத்தில் அடுத்த லயத்து வீடுகள் தெரியவில்லை, துணி ஒன்றும் காயவில்லை. உன் அப்பா ஒரே பனியனை அடுப்புக்கு மேலே காயப்போட்டு அதையே மாட்டிக்கொண்டு புகை நாற்றத்தோடு திரிகிறார். சொன்னால் கேட்கிற ஆளா அவர். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பேச்சியம்மாவின் மகளுக்கு டயகமையில் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது, சுகப் பிரசவம். நம் பசுவும் கன்று போட்டது, கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. உன் அப்பா அதற்கு உன் மகளின் பெயரை வைக்கப் போனார், நான்தான் தடுத்தேன்.

நீ அனுப்பிய புத்தகப் பார்சல் நனையாமல் வந்து சேர்ந்தது. அந்த ஊமைப்படக் காலத்துத் துப்பறியும் நாவல்களைச் சொல்கிறேன். பழைய புத்தகக் கடையில் தேடித் தேடி வாங்கியதாக எழுதியிருந்தாய், உன் கை நோகாமல் இருக்கட்டும். அஞ்சாம் வகுப்போடு நிறுத்திய எனக்கு இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று யார் நினைத்தது. மத்தியானம் சோறு ஆக்கி இறக்கியதும் அடுப்போரமாக உட்கார்ந்து நான் சத்தமாகப் படிப்பேன், பேச்சியம்மா வெற்றிலையோடு வந்துவிடுவாள், உன் அப்பா கேட்காதது மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு விறகு அடுக்குவார். எந்தப் புத்தகம் படித்தாலும் பாதியில் திரும்பி, "கொலைய செஞ்சது அந்த ஜமீந்தாருதான், எனக்கு அப்பவே தெரியும்" என்பார். ஜமீந்தாரே இல்லாத கதைக்கும் அதையேதான் சொன்னார். எனக்கு அந்தக் காலத்து விஷயங்கள்தான் பிடித்திருக்கின்றன. மைதானத்தில் கொட்டகை போடுவது, படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தகரக் குழல் வைத்துக்கொண்டு கதை சொல்வது, மீசையை மழித்துவிட்டு ஆம்பளையே சீதையாக நடிப்பது, கொஞ்சம் சூடு பட்டாலும் படச் சுருள் குப்பென்று பற்றிக்கொள்வது. எல்லாம் நிஜம்தானா, எழுதுகிறவர் விடுகிற கதையா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. அந்தத் துப்பறிகிற கனகாம்புஜம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தாலியறுத்த பொம்பளை, படத்துக்கு நடுவே வருகிற எழுத்து அட்டைகளை எழுதிப் பிழைக்கிறாள், ஒருத்தருக்கும் பயப்படுவதில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் காப்பி குடிக்கிறாள், அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, வயிறு என்னத்துக்கு ஆகும்.

இந்தக் கதைகளில் ஒரு நிம்மதி இருக்கிறது பிள்ளை. காணாமல் போனவர்கள் கடைசி அத்தியாயத்தில் உயிரோடோ பிணமாகவோ கிடைத்துவிடுகிறார்கள். உன் தம்பி பிரதாப் போய் ஆறு வருடம் ஆகிறது. உன் கல்யாணம் முடிந்து, நீ மாப்பிள்ளையோடு இந்தியா போன அடுத்த வாரம், வட்டகொடை ஸ்டேஷனில் கொழும்பு ரயில் ஏறினவன். கொழும்பில் அவன் வேலை செய்த புடவைக் கடை முதலாளியைக் கேட்டால், சாமான்களை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார். வழியில் ஆமிக்காரர்கள் மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று ஒருவர் சொன்னார், கடல் தாண்டிப் போயிருப்பான் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் ஏறாத படி இல்லை, கேட்காத ஆள் இல்லை. இது உனக்குத் தெரியாததல்ல. இப்போது எழுத வந்தது வேறு. வருகிற ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் வைத்து அவனுக்குக் கருமாதி செய்துவிடுவது என்று உன் அப்பா முடிவு செய்திருக்கிறார். உன் சித்தப்பா சின்னத்தம்பிதான் அவரைக் கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போனார். கோடாங்கி உடுக்கை அடித்து, "பையன் வாசல்ல நிக்கிறான், தண்ணி கேக்குறான், குடுக்க ஆளில்ல" என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்டு வந்த அன்றிலிருந்து உன் அப்பா வாசலைப் பார்த்து உட்காருவதில்லை. நான் மட்டும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு கோப்பை தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றி வாசல் ஓரமாக வைக்கிறேன். செத்தவனுக்கு வைக்கவில்லை, வருகிறவனுக்கு வைக்கிறேன் என்றுதான் மனதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுகிறேன். அங்கே யாரோ நிற்பது மாதிரிதான் இருக்கிறது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் அந்தப் பாவம் எங்கே போய் முடியும், செத்துப் போன பிள்ளைக்கு இறைக்காமல் விட்டால் அது எங்கே போய் முடியும், சொல்லு. இரண்டுக்கும் நடுவில் கிடந்து சாகிறேன்.

இந்த நேரத்தில்தான் நீ அனுப்பியதில் நாலாவது புத்தகத்தை எடுத்தேன். அதில் ஒரு நடிகை செத்துக் கிடக்கிறாள். அவள் கடைசியாக நடித்த புராணப் படத்தைக் கனகாம்புஜம்மாள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள். எழுத்து அட்டையில் 'சுவாமி, தங்கள் சித்தம் என் பாக்கியம்' என்று இருக்கிறது. ஆனால் திரையில் அவள் உதடு வேறு என்னவோ சொல்கிறது. ஊமைப்படம்தானே, எதைப் பேசினாலும் யாருக்குக் கேட்கப் போகிறது என்று தன்னை மிரட்டினவன் பேரை அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். இதை அந்த அம்மாள் கண்டுபிடிக்கப் புத்தகத்தில் முக்கால்வாசி போகிறது. நான் மூன்றாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டேன். பேச்சியம்மா வாயைப் பிளந்தாள். இதில் என்ன அதிசயம், தேயிலைத் தூள் சலிக்கிற சல்லடை மெஷின் பக்கத்தில் ஒரு ஆயுசு நின்றவளுக்கு உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கத் தெரியாதா. உனக்கு நினைவிருக்கும், நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குள் சாப்பாடு கொண்டு வருவீர்கள். நான் சல்லடையில், உன் அப்பா ரோலரில், அந்த இரைச்சலில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. உதடுதான் பேசும். நானும் அவரும் கல்யாணத்துக்கு முன்னால் பேசிக்கொண்டதெல்லாம் ஒரு சொல்கூடச் சத்தமாக இல்லை.

உதட்டுப் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது ஸ்டோர்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா என்று சொன்னாலும் அப்பா என்று சொன்னாலும் உதடு ஒரே மாதிரி மூடி ஒரே மாதிரி திறக்கும். நீயே கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார். அதனால்தான் நாங்கள் அம்மா என்றால் மூக்குத்தியைத் தொடுவோம், அப்பா என்றால் மீசையை முறுக்குவோம். என் அம்மா, உன் அம்மாயி, செத்த அன்று என்ன நடந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. சேதி கொண்டு வந்தவர் கொழுந்து சுமக்கிற செல்லசாமி. ஸ்டோர் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார். தலையில் கொழுந்துச் சாக்கு, இரண்டு கையாலும் பிடித்திருந்தார், மூக்கையும் தொடவில்லை மீசையையும் தொடவில்லை. என் அப்பா ரொம்ப நாளாகப் படுத்த படுக்கை, அதனால் அவர்தான் போய்விட்டார் என்று என் புத்தி எடுத்துக்கொண்டது. அப்பா அப்பா என்று கதறிக்கொண்டு மலையிறங்கி ஓடினேன். லயத்து வாசலில் என் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருந்தது. அப்புறம் உள்ளே பார்த்தேன். இன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாலாவது புத்தகத்தை நான் கடைசி அத்தியாயத்துக்கு முன்னாலேயே கவிழ்த்து வைத்துவிட்டேன். அலமாரி மேலே உன் கல்யாண வீடியோ கிடக்கிறது அல்லவா. அவன் காணாமல் போன பிறகு அதைப் பார்க்க எங்களுக்குத் தெம்பு வரவில்லை. ஹட்டனிலிருந்து வந்த அந்த வீடியோக்காரன் எங்கள் பேச்சு சத்தத்தையெல்லாம் அழித்துவிட்டு முழுக்கச் சினிமாப் பாட்டாகப் போட்டு வைத்திருக்கிறான், அதுவும் ஒரு காரணம். பிள்ளையின் குரல்தான் இல்லையே, முகத்தை மட்டும் பார்த்து என்ன செய்வது என்று விட்டுவிட்டோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, பிள்ளை, அவன் குரல் எனக்கு மறந்துபோய்விட்டது. கனவில் வருகிறான், வாயசைக்கிறான், சத்தமே வருவதில்லை. பெற்றவளுக்கு இப்படி மறக்குமா என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். ஆனால் ஒன்று தோன்றியது, சத்தம் இல்லாவிட்டால் என்ன, இதுவும் ஊமைப்படம்தானே, உதடு இருக்கிறதே. போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு சந்தியில் இருக்கிற சின்னத்தம்பி கடைக்குப் போனேன். அங்கே டிவியும் டெக்கும் இருக்கிறது. உன் சித்தப்பாவைச் சாமான் கட்டச் சொல்லி முன்னால் அனுப்பிவிட்டுப் பாட்டுச் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டோம்.

எத்தனை பேர், சுலக்ஷனா. அதில் இருக்கிற பாதிப் பேர் இப்போது இல்லை. படம் அங்கங்கே பூத்துப் போய்ப் புள்ளி புள்ளியாகக் கொட்டுகிறது, மூட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் எழுந்து வருவது மாதிரி வருகிறார்கள், சிரிக்கிறார்கள், போகிறார்கள். நான் ஒவ்வொரு உதடாகப் படித்துக்கொண்டே வந்தேன். காளியாயி உன் சேலையைப் பார்த்து, "இதப் போயி பட்டுன்னு ஏமாத்திட்டானுக" என்கிறாள். அன்றைக்கு என் முன்னால் புகழ்ந்து தள்ளினவள்தான். இனி அவளிடம் பேச்சே இல்லை. அப்புறம் தாலி கட்டி முடிந்து நீ தனியாக உட்கார்ந்திருக்கிற இடம் வருகிறது. உன் நகையைக் காட்ட வேண்டும் என்று வீடியோக்காரன் கிட்டே வந்திருக்கிறான். அங்கே வருகிறான் பிரதாப். ஒரு கையில் பன்னீர்ச் செம்பு, ஒரு கையால் உன் மாலையைச் சரி செய்கிறான். குனிந்து உன் காதில் என்னவோ சொல்கிறான், அப்போது அவன் பின்னந்தலைதான் தெரிகிறது. உன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று போகிறது. அண்ணாந்து அவனைப் பார்க்கிறாய். அவன் நிமிர்கிறான், முகம் நேராகத் தெரிகிறது, தெளிவாகச் சொல்கிறான். "சத்தியமா அம்மாகிட்ட சொல்லிராதக்கா." அல்லது, "சத்தியமா அப்பாகிட்ட சொல்லிராதக்கா." இரண்டில் ஒன்று. நீ அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்கிறாய். பிறகு அவன் பனிக்குள் போவது மாதிரி அந்தப் புள்ளிகளுக்குள் போய்விடுகிறான்.

நாங்கள் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். எனக்கு அப்பா என்றுதான் தெரிகிறது. உன் அப்பா, "இல்ல வீரம்மா, அம்மான்னுதான் சொல்றான், ஒனக்குத் தாங்காதுன்னு சொல்றான்" என்கிறார். இல்லவே இல்லை, உங்கள் கோபத்துக்குப் பயந்து சொல்கிறான் என்றேன் நான். அவன் ஸ்டோருக்குள் வளர்ந்த பிள்ளை, சைகை தெரிந்தவன், ஆனால் இரண்டு கையும் வேலையாக இருக்கிறது, செல்லசாமி கை மாதிரியே. சண்டை போட்டோம், வீட்டுக்கு வந்தும் சண்டை போட்டோம். அன்றிலிருந்து எனக்கு எல்லா இடத்திலும் அந்த வாய்தான் தெரிகிறது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தால் அதில் அவன் உதடு மூடித் திறக்கிறது. மழை ஓட்டில் அடிக்கிற சத்தம் சல்லடை சத்தமாகக் கேட்கிறது, அதற்குள் யாரோ என்னைப் பார்த்துப் பேசுகிற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

நீ இதைப் படித்துவிட்டுப் பதறாதே தாயி. உன்னைக் கூண்டில் ஏற்றி நிறுத்த இதை நான் எழுதவில்லை. அவன் காணவில்லை என்று உனக்குச் சேதி சொன்ன அன்று, நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே நீ போனில், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று அழுதாய். இந்தப் புத்தகங்களைப் படித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களைத்தான் கனகாம்புஜம்மாள் பிடித்துக்கொள்வாள். இந்த ஆறு வருடமாக நீ ஊருக்கு வராமல் ஏதேதோ காரணம் எழுதியதும் எனக்கு இப்போது விளங்குகிறது. எங்கள் முகத்தைப் பார்த்தால் வாய் வந்துவிடும் என்று பயந்திருப்பாய். தம்பி கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை நீ காப்பாற்றியிருக்கிறாய், அதற்காக நான் உன்னைக் கோபிக்க மாட்டேன். அவன் தானாக எங்கேயோ போகத் திட்டம் போட்டிருந்தானா, யாரையாவது நம்பிப் போனானா, யாராவது அவனைத் தேடுகிறார்கள் என்று சொன்னானா, எனக்குத் தெரியாது. தானாகப் போயிருந்தால் இருக்க வழி இருக்கிறது. இருக்கிறவனுக்கு எள்ளு இறைக்க நான் விட மாட்டேன், ஆற்றில் விழுந்து மறிப்பேன். இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நீ நினைப்பதற்குக் காரணம் இருந்தால் அதையும் சொல்லு. நானே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்க் கரையில் நிற்பேன், அவனை வாசலில் நிற்க வைத்து இனி வேடிக்கை பார்க்க மாட்டேன்.

அதற்காக நீ சத்தியத்தை உடைக்க வேண்டாம். நானும் உன் அப்பாவும் பேசி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். ஒருத்தரிடம் சொல்லக் கூடாது என்றுதான் அவன் கேட்டான், இரண்டு பேரிடமும் சொல்லாதே என்று கேட்கவில்லை. ஆடி பிறப்பதற்கு முன்னால் வருகிற கடைசி ஞாயிறு, காலைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு, சின்னத்தம்பி கடைக்குப் போன் எடு. நம்பர் உன்னிடம் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருப்போம். உன் சித்தப்பா போனை எடுத்து வழக்கம் போல யாரைக் கூப்பிட என்று கேட்பார். அம்மாவைக் கூப்பிடு என்றோ அப்பாவைக் கூப்பிடு என்றோ நீ ஒரு சொல் சொன்னால் போதும், அவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார், எங்கள் காதில் விழும். யாரைக் கூப்பிடுகிறாயோ அவரிடம் அவன் சொன்னதைச் சொல்லிவிடு. மற்றவர் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடுவார், அப்புறம் சாகும்வரை அதைக் கேட்க மாட்டார், முகத்தைப் பார்த்துக்கூடப் படிக்க மாட்டார், மாரியம்மன் மேல் ஆணையாக உன் அப்பாவும் சத்தியம் செய்திருக்கிறார், நானும் செய்திருக்கிறேன். கருமாதி உண்டா இல்லையா என்பதைத் தெரிந்தவர் முடிவு செய்யட்டும்.

என்னைக் கூப்பிட மாட்டாயா என்று என் மனது அடித்துக்கொள்கிறது. ஆனால் எனக்காக மாற்றிச் சொல்லிவிடாதே. அவன் கேட்டது எதுவோ அதுவே நடக்கட்டும், அவன் நம்மிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். நாலாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் படிக்கவில்லை, உன் அப்பாவும் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அடுப்பு மேடையில் கவிழ்ந்தபடி கிடக்கிறது. அவர் இந்த முறை ஜமீந்தார் என்றும் சொல்லவில்லை.

உன் குடும்பம் தழைத்து, உன் பிள்ளைக்கு ஒரு தம்பியோ தங்கையோ வந்து, ஒருத்தருக்கொருத்தர் துணையாக நூறு வயது இருக்க அந்த மாரியம்மன் கூடவே நிற்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்லு. பிள்ளைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்க மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமையையும் மறந்துவிடாதே. அன்றைக்குக் கையில் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டேன். அப்பாவை என்று காதில் விழுந்தால் குடையை எடுக்கக் கை வேண்டும், அம்மாவை என்று விழுந்தால் போனைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பிக்கும் உனக்கும் அம்மாவான
வீரம்மா சோலைமலை